ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்களா

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மரியாதை, பிரியம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றுதான் வரும்.

கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு நூற்பாலை. தொண்ணூறுகள். அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்குக் கீழே நான் வேலை பார்த்தேன். பிரிவு என்றால் நாங்கள் இரண்டே பேர்தான். அவர் சத்தியமங்கலத்துக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அன்னூர்ப் பெண். எனக்கு எல்லாம் வெசையாக நடக்க வேண்டும். இட்லி வேகிற நேரத்தைக்கூடப் பொறுக்காதவள் என்று அம்மா சொல்லும். அப்படிப்பட்ட என்னைக் கடவுள் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

யாரையாவது கேட்காமல் எதையும் செய்ய மாட்டார். அதுதான் அவர். தெரியாததால் கேட்கிறார் என்றால் மன்னித்துவிடலாம். வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கறுப்புத் திரையில் கமாண்டை முழுக்க அடித்து முடித்திருப்பார். ஒரு புள்ளி, ஒரு கோடு தப்பியிருக்காது. எண்டர் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. சரியாக அந்த இடத்தில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

"ஏனுங்க அம்மணி, இதை அவிங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்களா?"

அவிங்க என்றால், அந்த எண்டரால் யார் யாருக்கு என்னென்ன ஆகுமோ அத்தனை பேரும். நான் பதில் சொல்வதற்குள் எழுந்துவிடுவார். கம்ப்யூட்டர் அறை வாசலில் கழற்றி விட்ட செருப்பை மாட்டிக்கொண்டு ஆலைக்குள் நடந்துவிடுவார். திரையில் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அவரோடு நான் சேர்ந்த புதிதில் ஆலைக்கு ஒரு டிஸ்க் பெட்டி வந்தது. இடுப்பு உயரம் இருக்கும். உள்ளே வரிசையாக ஹார்ட் டிஸ்குகள். எங்கள் பக்கம் பங்காளிகளுக்குப் பொதுவில் ஒரு கிணறு இருந்தால், தண்ணீர் ஒன்றுதான், இறைக்கிற முறை மட்டும் ஆளுக்கு ஒன்று. இதுவும் அப்படித்தான். உள்ளே இருக்கிற டிஸ்குகளை எல்லாம் ஒரே கிணறாகச் சேர்த்து, ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒரு பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பங்குக்கு விர்ச்சுவல் டிஸ்க் என்று பெயர். பஞ்சு கொள்முதலுக்கு ஒன்று, நூல் விற்பனைக்கு ஒன்று, சம்பளப் பட்டியலுக்கு ஒன்று. படம் பார்த்துச் சுட்டியால் தட்டுகிற சமாச்சாரம் எல்லாம் அதில் கிடையாது. ஒவ்வொரு பங்குக்கும் பெயர் என்ன, குணம் என்ன என்று வரி வரியாகக் கமாண்ட் அடித்துத்தான் சொல்ல வேண்டும்.

பெட்டியைக் கொண்டுவந்த கம்பெனியின் இன்ஜினியர் சென்னைப் பையன். ஒரே நாளில் முடித்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம் என்று டிக்கெட்டோடு வந்திருந்தான். முதல் கமாண்டிலேயே நின்றுவிட்டது. பெயர் வைக்க வேண்டும்.

"ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்ரலாம் சார்" என்றான் அவன்.

"பொழங்கறது அவிங்கதானுங்களே. அவிங்களுக்குப் புடிச்ச பேரை வெச்சுபோடலாமுங்க."

கிளம்பிவிட்டார். கொள்முதல் இலாகாக்காரர்கள் அம்மன் பெயர் வேண்டும் என்றார்கள். விற்பனைக்காரர்களும் அதே அம்மன் பெயரைத்தான் கேட்டார்கள். இரண்டு பேரையும் கேண்டீனில் உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்து, யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டார். கொங்கு நாட்டு ஆட்கள், மரியாதைக்குக் குறைச்சலா? இரண்டு பேருமே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். "நீங்களே வெச்சுக்குங்க." "அட, நீங்க வெச்சுக்குங்க." திரும்பப் பெயரில்லாமல் நின்றது. இன்ஜினியரின் ரயில் அன்றைக்குப் போய்விட்டது. மறுநாள் ரயிலும் போய்விட்டது. "மேடம், ஒரு பேங்குக்கே நான் அரை நாள்ல முடிச்சுக் குடுத்திருக்கேன்" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னான். நான் என்ன சொல்ல? அந்தப் பையனாவது ஊருக்குப் போய்விடுவான்.

பெயரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டிஸ்குக்கு ஒரு குணம் உண்டு. வருகிற கணக்கை நேராக டிஸ்கில் எழுதிவிட்டு "எழுதியாச்சு" என்று சொல்லலாம். அல்லது முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, "எழுதியாச்சு" என்று வாயால் சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக எழுதலாம். இரண்டாவதுதான் வேகம். ஆனால் நடுவில் ஏதாவது ஏடாகூடம் ஆனால் கடைசியாக அடித்தது காணாமல் போகலாம். எங்கேயும் எப்போதும் கம்ப்யூட்டர் ஆட்கள் தாங்களே முடிவு செய்கிற விஷயம் இது. இவர் இதையும் தூக்கிக்கொண்டு இலாகா இலாகாவாகப் போனார்.

நூல் அனுப்புகிற பிரிவின் தலைவர் எனக்குப் போன் செய்தார்.

"அம்மணி, உங்க சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"ஏனுங்க?"

"வந்து நின்னுட்டு, 'வெசையா இருந்து எப்பவாவது பொய் சொன்னாப் பரவால்லீங்களா, மெதுவா இருந்து நெசம் சொல்லோணுமுங்களா'ங்கறாருங்க. நான் லாரிக்காரனைப் பாக்கறதா, இவருக்குப் பதில் சொல்றதா?"

ஒருநாள் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டேன். "சார், உங்களுக்குத் தெரியாததா? எதுக்குங்க இப்படி ஊரெல்லாம் போய்க் கேக்கறீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு அவிங்க வந்து, 'ஏப்பா, என்ற பொருள்ல கை வெச்சியே, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா'ன்னா, நான் என்னத்தைச் சொல்றதுங்க அம்மணி?"

"யாரும் அப்படி வந்து கேக்க மாட்டாங்க சார்."

"அப்படீங்களா?" என்றார். அதையும் கேள்வியாகத்தான் சொன்னார்.

ஒரு முறை பெட்டியில் ஒரு டிஸ்க் செத்துப்போனது. புது டிஸ்க்கைச் செருகியாயிற்று. பழைய டிஸ்கில் இருந்ததை மற்ற டிஸ்குகளில் இருந்து கணக்குப் போட்டு இதில் திரும்ப எழுத வேண்டும். அதை எவ்வளவு அவசரமாகச் செய்ய வேண்டும் என்று ஒரு கமாண்டில் சொல்லலாம். அவசரம் என்றால் அதுவரைக்கும் ஆலையில் எல்லாருடைய வேலையும் மந்தமாகும். மெதுவாக என்றால், அது முடிவதற்குள் இன்னொரு டிஸ்க் செத்தால் சகலமும் போச்சு. அவர் வழக்கம்போல அவசரம் என்று கமாண்டை அடித்து வைத்துவிட்டு, வேலை மந்தமானால் பரவாயில்லையா என்று ஒவ்வொருத்தரையும் கேட்கப் போய்விட்டார்.  இன்னொரு டிஸ்க் போய்விட்டால் என்ன செய்வது? எட்டி எண்டரைத் தட்டிவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தார். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு போய், இலாகா இலாகாவாக, "அம்மணி அவசரத்துல கேக்காம செஞ்சுபோட்டாங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று எனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க கேண்டீனில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், "பரவால்லீங்க அம்மணி, உடுங்க" என்று ஆறுதல் சொன்னார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். அவருடைய ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஆலையில் எங்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவி எனக்குச் சோறு போட்டுக்கொண்டே பொருமித் தீர்த்தார்கள். "ரசத்துக்கு உப்புப் பத்தலைன்னா தானே போட்டுக்க மாட்டாருங்க. 'நீ வெச்ச ரசம், நான் உப்புப் போடட்டுமா'ம்பாரு. எந்திரிச்சு அடுப்படிக்கு வந்து கேப்பாருங்க அம்மணி!"

அந்த அம்மாதான் கல்யாணக் கதையையும் சொன்னார்கள். இந்த அம்மாவுக்கு முன்னால் அவருக்குக் கோபிப் பக்கம் ஒரு பெண் பார்த்திருந்தார்களாம். எல்லாம் பேசி முடித்தாயிற்று. தட்டு மாற்ற வேண்டியதுதான். இவர் எழுந்து, நேராக அந்தப் பெண்ணைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "இல்லீங்க, நான் படிக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டது. சொந்தக்கார ஒறம்பரை முழுக்க வாய் பிளந்து உட்கார்ந்திருக்க, இவர், "அவிங்களுக்கு இஷ்டமில்லீங்களாமா, நாம போலாமுங்க" என்று செருப்பைத் தேடியிருக்கிறார். இரண்டு வீட்டாரும் சேர்ந்து இவரை அடிக்கப் போனார்களாம்.

"உங்களையும் கேட்டாருங்களா?"

"கேக்காம உடுவாருங்களா? இத்தனை பேரு முன்னால கேட்டா நானு என்னத்தைச் சொல்றது, நாளைக்குப் போன் பண்ணுங்கன்னு சொல்லிபோட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அடுத்த நிமிஷமே, "ஆனா தெனமும் கேட்டா மனுசி என்னதான் பண்றதுங்க?" என்று முகத்தைச் சுளித்தார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாயிரம் பிறந்தால் பழைய புரோகிராம்கள் எல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று எல்லா ஆலைகளிலும் பயம் பிடித்திருந்த சமயம். எங்கள் ஆலையிலும் புதிதாக ஒரு புரோகிராம் வாங்கினார்கள். சின்ன முதலாளி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பொறுப்பேற்றிருந்தார். அதைத் தொடங்கி வைக்க ஒரு விழா, வெளியூரிலிருந்து விருந்தாளிகள் என்று தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தார். புரோகிராமை ஏற்றப் போனால் பெட்டியில் இடம் போதவில்லை.

அதே சென்னை இன்ஜினியர் வந்தான். பார்த்துவிட்டு, "இந்த ஒரு விர்ச்சுவல் டிஸ்க்கை ரொம்ப நாளா யாரும் தொடவே இல்லை. அழிச்சிட்டு அந்த இடத்தை எடுத்துக்கலாம்" என்றான்.

அந்த டிஸ்கின் பெயர் டாக்டர்.

ஆலைக்கு முன்பெல்லாம் ஒரு டாக்டரம்மா வருவார்கள். வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்வார்கள். வேலை முடிந்து வருகிறவர்களையும் ஊதச் சொல்வார்கள். குழாய் மேலிருக்கிற முள் எது வரைக்கும் போகிறது என்று பார்த்து, எங்கள் அறைக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். "டாக்டரம்மா பலூன் ஊதப் பழக்கறாங்க" என்று ஆலையில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சில வருஷங்கள் கழித்து அவர்கள் வருவது நின்றுபோனது. சொந்த ஊரான ஆனைமலையில் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. குழாயை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

சின்ன முதலாளி, "அழிச்சுபோடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் சார் கமாண்டை அடித்தார். கையை மடியில் வைத்தார்.

"சார், வேண்டாம்" என்றேன்.

"டாக்டரம்மாவை ஒரு வார்த்தை..."

"அவங்க ஆனைமலையில இருக்காங்க சார்! போன்கூட இல்லை. முதலாளியே சொல்லியாச்சு!"

"போயிட்டுப் பொழுதோட வந்தர்லாமுங்க அம்மணி."

சின்ன முதலாளி காதுக்குப் போனது. அவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் கூடப் போங்க. பொழுதோட அவரை எப்படியாவது கூட்டிட்டு வந்துபோடுங்க" என்றார். மாட்டை ஓட்டிவரச் சொல்கிற மாதிரி.

உக்கடத்தில் பஸ் ஏறினோம். ஜன்னலைத் திறக்கலாமா என்று முன்சீட்டைக் கேட்டார், பின்சீட்டைக் கேட்டார். திறந்தால் காற்று அதிகமாக இருக்கிறதா என்று மறுபடி கேட்டார். பொள்ளாச்சியில் மாறி ஆனைமலை போய்ச் சேர்ந்தபோது அன்று அமாவாசை என்பது தெரிந்தது. கெடுதல் செய்தவர்களைத் தண்டிக்கச் சொல்லி மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூச வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. நானும் போய் ஒரு கை மிளகாய் அரைத்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஆலையிலிருந்து வருகிறோம் என்று சொன்னால் உடனே உள்ளே விட்டிருப்பார்கள். இவர் வரிசையில் கடைசியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். "அவிங்க முன்னாடி வந்தவிங்க" என்றார். இருமலையும் குழந்தை அழுகையையும் கேட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

ஒரு வழியாக உள்ளே போனோம். அவர் விஷயத்தைச் சொன்னார். "உங்க டிஸ்க்குங்க. அழிச்சுபோடச் சொல்றாங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்னு வந்தமுங்க."

டாக்டரம்மா கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள். 

"அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"மூச்சுக் கணக்குன்னு தெரியுமுங்க."

"பஞ்சுத் தூசி நெஞ்சுல அடைஞ்சா மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். அவங்களுக்கே தெரியாது. வயசாச்சு, பீடி குடிச்சோம்னு நெனைச்சுக்குவாங்க. கார்டிங்ல இருக்கறவங்களுக்கு வருஷா வருஷம் முள்ளு இறங்கிட்டே வந்துச்சுங்க. ஆபீசுல ரெண்டு மூணு தடவை சொன்னேன். பார்க்கலாம்னாங்க. அப்புறம் என்னையே வர வேண்டாம்னுட்டாங்க."

கார்டிங் என்பது பஞ்சை முள்பல் உருளைகளில் சீவுகிற இடம். உள்ளே போனால் எதிரில் நிற்கிற ஆள் மங்கலாகத் தெரியும். வெளியே வருகிறவர்களின் புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அங்கே பெரும்பாலும் பெண்கள்தான்.

"அப்ப, அழிக்க வேண்டாமுங்களா?" என்று அவர் கேட்டார்.

"என்னையக் கேட்டா? அது என்னுது இல்லீங்களே. ஊதினவங்களோடது. அவங்களையல்ல கேக்கோணும்?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அம்மா, இந்த ஆளிடம் போயா இதைச் சொல்கிறீர்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் தெளிந்துவிட்டிருந்தது. "ஆமாங்க, அதுதானுங்க சரி" என்று எழுந்து கும்பிட்டார்.

திரும்பி வருகிற வழி முழுக்க நான் சொல்லிப் பார்த்தேன். வேலை போய்விடும் என்றேன். உங்கள் வீட்டம்மாவை நினைத்துப் பாருங்கள் என்றேன். "ஊட்டுல கேட்டுட்டுத்தானுங்க செய்வேன்" என்றார்.  வீட்டில் என்ன சொன்னார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. "இத்தனை நாளா ஒண்ணுக்கும் ஆகாததை எல்லாம் கேட்டீங்க. இது கேக்க வேண்டியது. போய்க் கேளுங்க."

மறுநாள் காலையில் சங்கு ஊதி ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஆலை வாசலில், உள்ளே போகிறவர்களுக்கும் வெளியே வருகிறவர்களுக்கும் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்.

"ஏனுங்க, முன்ன டாக்டரம்மா குழாயில ஊதச் சொன்னாங்கள்ல, அந்தக் கணக்கு எங்ககிட்ட இருக்குதுங்க. அழிச்சுபோடச் சொல்றாங்க. அழிச்சுபோடட்டுங்களா?"

முதலில் சிரித்துக்கொண்டே போனார்கள். கார்டிங்கில் வேலை செய்கிற ருக்குமணி என்ற அம்மாதான் நின்றது. நாற்பதைத் தாண்டிய வயது. பேசுவதற்கு நடுவில் நிறுத்தி மூச்சை இழுத்துக்கொள்ளும்.

"அந்தப் பலூன் கணக்குங்களா? அதெல்லாம் எழுதியா வெச்சிருக்குது?"

"ஆமாங்க. ஒவ்வொருத்தரோடதும் இருக்குதுங்க."

"அப்ப என்ற மூச்சு எப்படி இருக்குதுங்க?"

"எனக்குத் தெரியாதுங்க. பாத்துச் சொல்லட்டுங்களா?"

"பாத்துச் சொல்லுங்க" என்றது ருக்குமணி. பக்கத்தில் இருந்தவள், "என்றதும்" என்றாள். பின்னால் இருந்து இன்னொரு குரல். உள்ளே போக வேண்டியவர்கள் போகவில்லை. வெளியே வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. சித்த நேரத்தில் எங்கள் அறை வாசலில் இருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஏசி எல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. பெட்டி சூடானால் என்ன ஆகும் என்று நான் ஒரு பக்கம் பதறிக்கொண்டிருந்தேன்.

சின்ன முதலாளி வந்தார். எங்கள் ஊரில் கோபப்படுவதும் 'ங்க' போட்டுத்தான்.

"யாரைக் கேட்டுங்க இதைப் பண்ணுனீங்க?"

"டாக்டரம்மாவைக் கேட்டனுங்க. அவிங்க, இவிங்களைக் கேக்கச் சொன்னாங்க. இவிங்களையும் கேட்டனுங்க."

"என்னையக் கேட்டீங்களா?"

அவர் முகத்திலிருந்த ரத்தம் வடிந்துவிட்டது. பொய்யில்லை, நான் பார்த்தேன். வேலை போய்விடும் என்று நான் பயமுறுத்தியபோது வராத கலக்கம் அப்போது வந்தது. முதலாளி அழிக்கச் சொன்னார். இப்போது அழிக்கிற காரியமே இல்லை, கொடுக்கிற காரியம். அதை இவர் முதலாளியிடம் கேட்கவில்லை.

"தப்புதானுங்க" என்றார். "உங்களையும் கேட்டிருக்கோணுமுங்க. இப்பக் கேக்கறனுங்க. அவிங்கவிங்க மூச்சுக் கணக்கை அவிங்கவிங்களுக்குக் குடுத்துபோடட்டுங்களா?"

அவர் குறும்பு செய்கிறார் என்று சின்ன முதலாளி நினைத்திருக்க வேண்டும். முகத்தை உற்றுப் பார்த்தார். அங்கே குறும்பு எதுவும் இல்லை. நிஜமாகவே பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். வாசலில் நின்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு முதலாளியின் வாயைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்வதானால் அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், சரின்னாவது சொல்லுங்க, இல்லைன்னாவது சொல்லுங்க. கதவைச் சாத்தோணும்" என்றேன்.

"குடுத்துத் தொலைங்க" என்று சொல்லிவிட்டுச் சின்ன முதலாளி திரும்பிப் பார்க்காமல் போனார்.

எங்கள் சார் அந்த டிஸ்க்கை யாரும் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி, படிக்க மட்டும் என்று ஒரு கமாண்டால் பூட்டினார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டோம். நான் பிரிண்டரில் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் படித்துச் சொன்னார். முதன்முதலில் ஊதியபோது எவ்வளவு, கடைசியாக ஊதியபோது எவ்வளவு. சிலருக்கு மாற்றமே இல்லை, சிரித்துக்கொண்டு போனார்கள். கார்டிங் ஆட்கள் வந்தபோது அவர் குரல் இறங்கியது.

ருக்குமணியின் தாளை அவர் இரண்டு தரம் படித்தார். எண்கள் ஒவ்வொரு வருஷமும் படிக்கட்டு மாதிரி கீழே வந்திருந்தன. கடைசி எண் முதல் எண்ணில் பாதிகூட இல்லை. அதற்கப்புறமும் அந்த அம்மா வருஷக்கணக்கில் அதே இடத்தில் நின்றிருக்கிறது. அவர் மெதுவாக, ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மா தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தது. படிக்கத் தெரியாது.

"இப்ப நானு என்ன பண்ணட்டுமுங்க?" என்று அவரைக் கேட்டது.

 ஊரையே கேட்டுக்கொண்டு திரிந்தவரை ஒருத்தர் கேட்டுவிட்டார். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்களா என்று வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார்.  பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நாளையிலிருந்து கார்டிங்குக்குள்ள போகாதீங்க."

அத்தனை வருஷத்தில் கேள்வியாக இல்லாமல் அவர் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

ருக்குமணி மறுநாள் கார்டிங் வாசல் வரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கூட வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. உள்ளே போக மாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். மிஷின்கள் சும்மா நின்றன. விழா தள்ளிப்போயிற்று. ஆனைமலையிலிருந்து டாக்டரம்மா தாங்களாகவே வந்து பேசினார்கள். கடைசியில் மூச்சு ரொம்பக் குறைந்தவர்களை, நூல் சுற்றிய கோன்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற கோன் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கார்டிங்கில் தூசி இழுக்கிற பெரிய விசிறிகள் வந்தன. எல்லாருக்கும் நல்லபடி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. புது புரோகிராமுக்குப் பெட்டியில் கூடுதலாக டிஸ்குகள் வாங்கிச் செருகினார்கள். அவ்வளவுதான், இடப் பிரச்சினை தீர்ந்தது.

அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். "தப்பா நெனைச்சுக்காதீங்க, வேற எடம் பாத்துக்குங்க" என்று சின்ன முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார். அவர் சத்தியமங்கலத்துக்கே போய், பூ வியாபார மண்டி ஒன்றில் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கச் சேர்ந்தார். அவருடைய நாற்காலிக்கு நான் வந்தேன். வேலை எல்லாம் வெசையாக நடந்தது. பொய் சொல்ல மாட்டேன், நிம்மதியாகவும் இருந்தது.

சில வருஷங்களுக்குப் பிறகு ருக்குமணி மகளுக்குக் கல்யாணம். அவரைக் கூப்பிட அந்த அம்மா தானே சத்திக்குப் பஸ் ஏறிப் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வந்திருந்தது. மனைவியோடு வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. முதல் பந்தியிலேயே அவரை உட்கார வைக்க இழுத்துக்கொண்டு போனார்கள். என் பக்கத்து இலை அவருக்கு. உட்காரப் போனவர், பின்னால் காத்து நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க தூரத்துல இருந்து வந்தவிங்களாட்ட இருக்குது. நீங்க உக்காரறீங்களா?"

"இல்லீங்க, நீங்க உக்காருங்க" என்றார் அந்த ஆள். அவர் அடுத்த ஆளைக் கேட்டார். அந்த ஆளும் வேண்டாம் என்றார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணையும் கேட்டார். பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார்கள். பந்தி முழுக்க எங்களையே திரும்பிப் பார்த்தது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"சார், தயவுபண்ணி உக்காருங்க!" என்று கத்தியேவிட்டேன்.

ருக்குமணி எங்கிருந்தோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. நின்று, மூச்சை ஒரு தரம் இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து அதட்டியது.

"சும்மா இருங்க அம்மணி. அவிங்க கேக்கட்டும். சோறு என்ன ஓடியா போயிரும்?"

நான் வாயை மூடிக்கொண்டு, அகோரப் பசியோடு, அவர் கேட்டு முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.